வலது வளைவு

யூரல் வண்டியை விற்ற ஜுமாதில் சொன்னான்:
இடப்பக்கம் திரும்பினால் பயமில்லை, அக்கா.
வலப்பக்கம் திரும்பினால்தான் சைடுகார் தூக்கும்.
காலியாக மட்டும் ஓட்டாதீங்க.
யாரையாவது ஏற்றிக்கொள்ளுங்க.

யாரை ஏற்றுவது?
ஐம்பத்தொரு வயது.
நாரின் மின்வாரியத்தில் ரசீது எழுதுகிறவள்.
கட்டட வேலைக்கென்று நோவோசிபிர்ஸ்க் போன கணவன்
அங்கே ஒரு வீடு கட்டினான்,
அதற்குள் வேறு குடும்பம் வைத்தான்.
புத்தாண்டுக்குப் புத்தாண்டு கூப்பிடுவான்.
பனி எப்படி என்பான்.
வெள்ளையாக இருக்கிறது என்பேன்.

அதனால் நாற்பது கிலோ உருளைக்கிழங்கு.
சாக்கை நிமிர்த்தி உட்காரவைத்து, பெல்ட் கட்டி,
குளிருக்கு ஒரு தொப்பியும் மாட்டிவிட்டேன்.
எதிர்வீட்டு ஷாயிர்குல் ஜன்னலில் பார்த்துவிட்டுத்
தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்,
புருலுக்கு ஆள் கிடைத்துவிட்டான்.

புருல் என்றால் எங்கள் மொழியில் 'திரும்பு'.
நான் நான்காவது பெண்.
அடுத்ததாவது ஆணாகத் திரும்பட்டும் என்று
அப்பா வைத்த பெயர்.
திரும்பியது. தம்பி பிறந்தான்.
வேலை முடிந்துபோன பெயரை
அதற்குப் பிறகும் சுமந்துகொண்டு
வீடு, அலுவலகம், சந்தை, வீடு
என்று நேராகவே நடந்தவள் நான்.

கொச்கோரில் தணிக்கை என்று விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.
கையெழுத்து நடுங்கவில்லை.
கொச்கோர் பலகை வந்தபோது அதைப் படித்தேன்,
மற்ற சாலையில் போனேன்.

கணவாய்க்குக் கீழே மைராம்கானின் கூடாரம்.
ஜூனில் ஆடுகளோடு மேலே வந்ததிலிருந்து
உருளைக்கிழங்கைக் கண்ணால் பார்க்கவில்லையாம்.
பதினைந்து கிலோ அளந்து கொடுத்தேன்.
குமிஸ் ஊற்றிக் கொடுத்தாள்.
எங்கே, ஏன், யாரோடு, எதுவும் கேட்கவில்லை.
அவள் புருஷனும் யூரல் வைத்திருந்தானாம்.
பின்னால் போக ஒரு கியர் இருக்குமே, போட்டுப் பார்த்தாயா?
இன்னும் இல்லை என்றேன்.

மீதிச் சாக்கு ஏழாவது வளைவில் கிழிந்தது.
கிழங்குகள் ஒவ்வொன்றாக,
பிறகு ஒவ்வொன்றாக அல்ல,
சரிவில் உருண்டன.
ஒரு மர்மோட் எழுந்து நின்று பார்த்தது.
தொப்பி மட்டும் ஒரு முள்செடியில் தங்கிவிட்டது.
என்னைவிட்டுப் போன இரண்டாவது ஆள்.
இவன் போனதற்கு
வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அண்ணாந்து எண்ணினேன்.
மேலே பதினொரு வளைவு, அதில் ஆறு வலது.
கல்லை ஏற்றலாம். மலையில் கல்லுக்கா பஞ்சம்?
ஒன்றைத் தூக்கவும் தூக்கினேன்.
முதுகுக்கு அந்த எடை ஏற்கெனவே பழக்கம்.
கீழே வைத்தேன்.
உதைத்தேன். மூன்றாவது உதையில் எஞ்சின் பிடித்தது.

வலது.
வேகத்தைக் குறைத்து
இருக்கையின் ஓரத்துக்கு நகர்ந்து
பாதி உடம்பைக் காலித் தொட்டியின் மேல் சாய்த்து
மூச்சை எங்கேயோ மறந்து
திருப்பினேன்.
தூக்கியது.

தூக்கும் என்று ஜுமாதில் சொன்னான்.
இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று சொல்லவில்லை.
சரளையின் இரைச்சலில் மூன்றில் ஒரு பங்கு
சட்டென்று குறைந்தது.
ஒன்று, இரண்டு, இரண்டரை.
பிறகு தொப்பென்று இறங்கியது,
என் பற்கள் ஒன்றோடொன்று மோத.

இருபத்தெட்டு வருடமாக
ஊருக்கு எரிந்த வெளிச்சத்துக்கெல்லாம் ரசீது போட்டவள்.
அந்த இரண்டரை நொடியை
எந்தக் கணக்கில் ஏற்றுவது என்று தெரியவில்லை.

சொங்-கோல் ஏரி வந்தது.
ஏரியைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை,
அது பாட்டுக்கு இருந்தது.
போனில் சிக்னல் இல்லை. விரல்கள் விறைத்தன.
தொட்டியின் அடியில் ஒரே ஒரு கிழங்கு மிஞ்சியிருந்தது.
சாணி நெருப்பில் சுட்டு
உப்பில்லாமல் தின்றேன்.

மொத்தம் பதினெட்டு வளைவு, பத்து வலது.
வந்த வழியே இறங்கினால் அது எட்டாகும்.
இரண்டு லாபம்.

வடக்கே இன்னொரு கணவாய் இருக்கிறதாம்.
அதன் வளைவுகளை
யாரும் எனக்கு எண்ணிச் சொல்லவில்லை.