உருப்படி ஏழு

மேசை நடுவில் கொண்டுவந்து வைத்தார்கள் அரங்கத்தை.
பிறந்தநாள் கேக் அளவுதான்.
வெள்ளை அட்டை, பச்சை வெல்வெட்,
படிக்கட்டுகளில் கடுகு கடுகாக மனிதர்கள்.
நாற்பத்தைந்தாயிரம் இருக்கை என்றார்
கட்டடக் கலைஞர் வான் ஸ்கால்க்வேக்.
நாற்பத்தைந்தாயிரம் என்று தட்டினேன்.
எங்கள் மாணவர்கள் மொத்தம் பதினெட்டாயிரம்.
அதை யாரும் தட்டச் சொல்லவில்லை.

பதினேழு வருஷமாக இந்தச் சபைக்குக்
குறிப்பெடுக்கிறவள் நான்.
பேசுவது என் வேலை இல்லை.
தட்டு என் பக்கம் வருவதற்குள்
இஞ்சி பிஸ்கட் தீர்ந்துவிடும்,
இதுவரை அது ஒன்றுதான் என் புகார்.

அறுநூற்று நாற்பது மில்லியன் ரேண்ட்.
ம்க்வனாசி அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"கடன்தானே" என்றார் நிதி இயக்குநர்,
மழைக்குப் பக்கத்து வீட்டில்
குடை வாங்கிவந்ததுபோல.

உருப்படி ஆறு, மூன்றாம் விடுதியின் தண்ணீர்.
ஒன்பது நாளாகக் குழாய் இருமுகிறது,
மாணவர்கள் வாளியோடு மலையிறங்குகிறார்கள்.
அதற்கு நான்கு நிமிடம்.
அடுத்த கூட்டத்துக்குத் தள்ளியாயிற்று.

காலை ஏழு மணிக்கு நூலகக் கழிவறையில்
நான் தலைவாருகிற கண்ணாடியில்
பல் தேய்த்துக்கொண்டிருப்பாள் நோக்வாண்டா.
மூன்றாம் வருஷம், கணக்கியல்.
உதவித்தொகை ஜூலையில் வரும் என்றார்கள்,
எந்த ஜூலை என்று சொல்லவில்லை.
நீலப் போர்வையை மடித்து
பையின் அடியில் வைத்து
மேலே புத்தகத்தை அடுக்குவாள், தெரியாதபடி.
எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும்.
பற்பசை இருக்கா ஆன்ட்டி என்று மட்டும் கேட்பாள்.

"நான்கு மூலையிலும் ஒளிக்கம்பங்கள்,
கடலிலிருந்தே தெரியும்" என்று
வான் ஸ்கால்க்வேக் சொல்லிக்கொண்டிருந்தபோது
மின்சாரம் போனது.
அட்டவணைப்படிதான், பத்து மணி.
ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை.
இருட்டில் யாரோ சிரித்தார்கள்,
யாருடைய முழங்கையோ கேக்கில் இடித்தது.

நான் ஆங்கிலத்தில்தான் தட்டுவேன்.
உள்ளே மட்டும்
சனிக்கிழமைப் பள்ளித் தமிழ் தானாக ஓடும்:
முன்மொழியப்பட்டது.
வழிமொழியப்பட்டது.
ஏற்றுக்கொள்ளப்பட்டது, பதினொன்றுக்கு இரண்டு.
இத்தனை பட்டது.
பட்டவர் யார் என்று எழுத
அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

பந்தை வெறுப்பவள் என்று என்னை நினைத்துவிடாதீர்கள்.
என் வீட்டுக்காரர் சாக்ரனுக்கு நாற்பத்துநான்கு வயது,
சாட்ஸ்வொர்த்தில் ஞாயிற்றுக்கிழமை கோல்கீப்பர்.
மைதானம் ஒருபக்கம் சரியும்,
பந்து சாக்கடைக்குள் போனால்
ஆட்டம் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.
அவர் பாய்ந்து பிடித்த ஒரு பெனால்ட்டிக்காக
வண்டிமேல் ஏறிக் கத்தி
மூன்று நாள் தொண்டையில்லாமல் திரிந்தவள் நான்.

இரவு சொன்னேன்.
திட்டுவார் என்று நினைத்தேன்.
"நாற்பத்தைந்தாயிரமா?"
வளைந்த சுண்டுவிரலைத் தடவிக்கொண்டே
சுவரைப் பார்த்தார்.
"அங்கே ஒருநாள்,
ஒரே ஒருநாள் நிற்கணும்."
சோறு ஆறிப்போயிற்று.
என் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல்
ஊறுகாய் ஜாடியைத் திருகித் திருகி மூடினேன்.

சொல்ல விட்டுப்போனது ஒன்று.
அன்று மின்சாரம் வந்தபோது
என் நோட்டில் ஒரு ஆள் விழுந்துகிடந்தான்.
அரங்கத்திலிருந்து தெறித்த பார்வையாளன்.
சிவப்புச் சட்டை, முகம் வரையவில்லை,
கைகளை மட்டும் தூக்கியிருந்தான்.
ஒப்படைத்திருக்க வேண்டும்.
சில்லறைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் டாக்சியில் கடைசி வரிசை.
பதினெட்டு ரேண்டை எண்ணாமல் அள்ளி
முன்னால் நீட்டினேன்.
கை மாறிக் கை மாறி ஓட்டுநரிடம் போயிற்று.
கொஞ்ச நேரம் கழித்து
"இது யாருடையது?" என்று ஒரு குரல்.

திரும்பி வந்தான்,
பள்ளிப் பையன் கையிலிருந்து தாதி கைக்கு,
தாதியிடமிருந்து
முட்டைக்கோஸ் மூட்டைக்காரி கைக்கு,
ஒவ்வொருவரும் ஒரு நொடி உற்றுப் பார்த்து,
ஒருத்தி ஊதித் துடைத்து,
எட்டுக் கைகள்மேல்
கைகளைத் தூக்கியபடியே.