அரைப் பெட்டி ஐஸ்

தொண்டி ஐஸ் கம்பெனி நோட்டில்
விசைப்படகுகளின் பெயர்களுக்கெல்லாம் கீழே
ரியாஸ் எழுதியிருந்தான்:
இலை டீச்சர், அரைப் பெட்டி, பாக்கி.

நான் டீச்சர் இல்லை.
ஆராய்ச்சி மாணவி, மூன்றாம் வருடம், உதவித்தொகை நின்றுபோனவள்.
அவனிடம் திருத்தவில்லை.
ஒருநாள் மட்டும் கேட்டான்,
'இலை கெட்டுப்போகுமா?'
'மீனைவிட வேகமா.'
அதற்குப் பிறகு பெட்டியில் கொஞ்சம் கூடுதலாகவே அள்ளிப் போட்டான்.

பதினொரு மணி பஸ்ஸில் காரங்காடு.
நீர் வற்றிய சகதி முழங்காலைப் பிடித்து இழுக்க
அலையாத்திக் கொப்பில் நுனியிலிருந்து மூன்றாவது இலை.
எப்போதும் மூன்றாவது.
விரலில் ஒட்டும் உப்பை நக்கிப் பார்க்கக் கூடாது,
நக்கியிருக்கிறேன்.
பறித்தது இலைக்கு இன்னும் தெரிந்திருக்காது,
வெயிலைத் தின்றுகொண்டிருக்கும்.
தெரிவதற்குள் ஐஸில் புதைக்க வேண்டும்.

என்னிடம் இருந்தது பசலைக்கீரைக்கு எழுதிய செய்முறை.
பசலை சொன்ன பேச்சுக் கேட்கும்.
இது கல்வத்தில் இடித்த மறுநிமிடமே கறுத்தது,
நறுக்கி வைத்த வாழைப்பூ மாதிரி.
இலைக்குள் தனித்தனி அறையில் குடியிருந்தவை
துவர்ப்பும் நொதியும்.
நடுச்சுவரை இடித்தவள் நான்.
பார்த்த மாத்திரத்தில் ஒன்றையொன்று
இறுக்கிப் பிடித்துக்கொண்டு
குழாயின் அடியில் பழுப்பாய்ப் படிந்தன.

வாழைப்பூவை மோரில் போடுவோமே
என்று ஒரு ராத்திரி தோன்றியது.
மோருக்குப் பதில் வைட்டமின் சி, ஒரு சிட்டிகை.
சாறு பச்சையாகவே நின்றது.
அன்று ஹாஸ்டலில் இரண்டு முட்டை தோசை.

பிறகுதான் வேலையே.
காரம் ஆறு, ஆறரை, ஏழு, ஏழரை.
உப்பு இல்லாமல், உப்புடன், இரட்டை உப்புடன்.
இடிப்பது ஒரு நிமிடம், மூன்று நிமிடம், கை வலிக்கும்வரை.
ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்றலாம்,
எமரன்சியா மேடத்தின் ஒரே சட்டம் அது.
கண்ணாடிக் குப்பியில் செங்கல் நிறம் ஏறும்,
ஏறும் வேகத்தை எண்ணாகப் படிப்பேன்.
முப்பத்தெட்டு. நாற்பத்தொன்று. முப்பத்தொன்பது.
மார்ச் முழுக்க நாற்பதின் வாசலிலேயே நின்றேன்.

ஏப்ரல் பதினைந்தில் தடைக்காலம்.
படகுகள் கரையோரம் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்க
ஐஸ் கம்பெனி இரைச்சல் அடங்கியது.
அப்படி ஒரு இரைச்சல் இருந்ததே
அன்றைக்குத்தான் தெருவுக்குத் தெரிந்தது.
ஹாஸ்டல் பிரிட்ஜில் இரண்டு தட்டு ஐஸ்,
ரோஸ்மில்க்குக்குக் காணும். இலைக்குக் காணாது.
இருபத்திரண்டு.
அடுத்த நாள் பதினேழு.

'நாட்டுப்படகுக்கு விடியக்காலம் ஒரு ஓட்டு ஓட்டுறோம்,
அஞ்சு மணிக்கு வந்தா இருக்கும்' என்றான் ரியாஸ்.
கடன் வாங்கிய ஸ்கூட்டியின் காலடியில் பெட்டி.
வெயில் சுடுமுன் காரங்காடு.
அதே மரம், அதே மூன்றாவது இலை.

அறுபத்து மூன்று.

கருவியை அணைத்துவிட்டுப் போட்டேன்.
அறுபத்து நான்கு.

மேடம் சந்தோஷப்படவில்லை.
'மாறினது இலையா? நேரமா? ஐஸா? மாசமா?'
நாலும்தான்.
சட்டம் உடைந்தது என்னால் அல்ல, கடலால்
என்று ஆய்வேட்டில் எழுத முடியாது.

ஆகவே முதலிலிருந்து.
விடியல் இலையைத் தட்டு ஐஸில்.
உச்சிவெயில் இலையைக் கம்பெனி ஐஸில்.
கல்வத்தின் விளிம்பில் ஒருநாள்
ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது,
சாளையாக இருக்கும்.
வயிற்றைக் கலக்கியது:
அறுபத்து மூன்று இலையின் எண்ணா, மீனின் எண்ணா?
உருகிய ஐஸ் தண்ணீரை மட்டும் குப்பியில் ஊற்றி
மூன்று நிமிடம் பார்த்தேன்.
நிறம் ஏறவில்லை.
பூஜ்யம்தான், அதையும் தேதி போட்டு எழுதினேன்.

பாக்கியில் இருநூறு கொடுக்கப் போனபோது
ரியாஸ் நோட்டைத் திருப்பிக் காட்டினான்.
தடைக்காலப் பக்கம்.
நாலு வல்லத்தின் பெயர்,
எல்லாவற்றுக்கும் மேலே நான்.