மூன்றாவது ஆள்

லண்டன்பேட்டை டுட்டோரியல் மாடியில்
எட்டுமுழ வேட்டியைத் திரையாகக் கட்டி
ஃபிலிம் சொசைட்டிக்காரர்கள் போட்ட படம்.
எண்பத்தேழு, ஜூன்.
மாங்கூழ் ஆலையின் புளிப்பு
டிக்கெட் இல்லாமல் வந்து உட்கார்ந்திருந்தது.

பிஷப்பின் கால்சட்டை
மாதாகோயில் மணிக்கயிற்றில் தொங்குகிறது.
மாவரைக்கிறவன் பெண்டாட்டி
வாத்துக் கூண்டுக்குள் ஒளித்தது
ஒரு துறவியையா, இரண்டு பேரையா?
ஊரே பந்தம் பிடித்துத் தேடுகிறது.

நாற்பது ஆண்கள். நான் ஒருத்தி.
ஒவ்வொரு அசிங்கத்துக்கும்
நாற்பது தலையும் திரும்பி என்னைப் பார்த்தன,
சப்டைட்டில் என் முகத்தில் ஓடுவது மாதிரி.
உதட்டைக் கடித்துக்கொண்டு
மடியில் கிடந்த கைக்குட்டையின் பூக்களை எண்ணினேன்.
படம் முடிந்து மாதப்பன் சார்
'நிலப்பிரபுத்துவத்தின் மீதான விமர்சனம்' என்றார்.
குறித்துக்கொண்டேன்.

நேற்று ராத்திரி, ஐம்பத்தெட்டு வயதில்,
முட்டிக்குத் தைலம் தேய்த்தபடி
மகனுடைய லேப்டாப்பில் மறுபடி போட்டேன்.
மணி அடிக்கிறது. வாத்துகள் கத்துகின்றன.
கூண்டிலிருந்து தவழ்ந்து வருகிறான்
இன்னொரு துறவி,
பின்புறமெல்லாம் இறகு.

மூன்று பேரா!
அன்றைக்கு இவனை நான் பார்க்கவே இல்லை.

சிரித்த சிரிப்பில்
தைல பாட்டில் கவிழ்ந்தது.
எதிர்வீட்டு வக்கீல் விளக்கைப் போட்டார்.
போடட்டும்.