நட்சத்திரக் குறி

வாஷிங்டனில் நிலத்துக்குக் கீழே இரண்டாம் தளம்.
ஜன்னல் இல்லாத அறை.
மார்சலா விக்ஸ்ட்ரோமுக்கு அங்கே வேலை
நானூற்று முப்பத்தைந்து பெயர்களுக்கு எதிரே
ஒன்றோ சுழியோ இடுவது.
ஆம் என்றவருக்கு ஒன்று.
இல்லை என்றவருக்குச் சுழி.
அவைக்கு வராதவருக்குச் சின்னதாய் ஒரு கோடு;
கோட்டுக்குப் புண்ணியமும் இல்லை, பாவமும் இல்லை.

வெளிநாட்டு உதவி மசோதா,
திருத்தம் எண் நாற்பத்தொன்று:
ஏழை நாடுகளின் கருத்தடைக்குப் போகும் பணத்தை
வெட்டாமல் விட்டுவைக்கச் சொல்லும் நாலே வரி.
நாலு வரிக்கு இரண்டு நாள் பேசினார்கள்.
கருப்பை என்ற சொல்லைத்
தொண்டையைச் செருமாமல் சொன்னவர்
ஒரே ஒருவர்.
வாக்களிக்கப் பதினைந்து நிமிடம்.

ஹார்லன் ப்ரூபேக்கர்,
கோதுமை வயல்களின் பிரதிநிதி, இருபத்திரண்டு வருடமாக.
இதே விஷயத்தில் பதினொரு வாக்கெடுப்பு,
பதினொரு சுழி,
அட்டையில் அடுக்கிய முட்டைகள் போல
ஒன்றுகூட விரிசல் விடாமல்.
பன்னிரண்டாவதில் ஒன்று.

மார்சலா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.
ஒன்றுதான்.

மறுநாள் அவைக்குறிப்பில் இருந்தது விளக்கம்:
"நேற்று கை தவறிப் பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டேன்.
என் எண்ணம் சிவப்பே.
இது குறிப்பில் ஏறட்டும்."
ஏறியது.
எண்ணம் குறிப்பில் ஏறியது,
வாக்கு இருந்த இடத்திலேயே இருந்தது.
ஆம் இருநூற்றுப் பதினாலு,
இல்லை இருநூற்றுப் பதின்மூன்று.

அவர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டாள்.
அன்று காலை கடைவாய்ப் பல் பிடுங்கினாராம்,
பாதி முகம் மரத்துப்போயிருந்ததாம்.
முகம் மரத்தால் விரலுக்கு என்ன?
"அம்மா, நாங்களும் அதைத்தான் கேட்டோம்"
என்றது மறுமுனைக் குரல்,
சிரிப்பை அடக்கிக்கொண்டு.

மேலாளர் தாடியஸ் சொன்னார்:
சுழியே போடு.
இல்லாவிட்டால் மனம் மாறிவிட்டார் என்று
ஊரே நினைக்கும்.
நமக்கும் கெட்ட பெயர், அவருக்கும்.

பதினெட்டு மாதம் கழித்து
மலாவியில், மங்கோச்சி ஏரிக்கரையில்,
தகரக் கூரை வெயிலில் படபடக்கும் சுகாதார நிலையத்தில்
ஒரு பெட்டி பிரிபடுகிறது.
மூன்று மாத ஊசிகள்.
வரிசையில் ஏழாவதாக சுவேமா.
அவள் அட்டை வீட்டில் இல்லை,
செவிலி லோனிஸின் மேசை இழுப்பறையில்
மற்ற பெண்களின் அட்டைகளோடு
உறங்குகிறது.
ஊசி போட்டால் உடம்பு வற்றும் என்கிறான் கணவன்.
நாலு பெற்றதில் வற்றியதை
அவன் கணக்கில் சேர்ப்பதில்லை.

பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது?
"அமெரிக்க மக்கள் தந்தது."
எந்த மக்கள்?
லோனிஸ் பஞ்சை நனைத்தபடி சொல்கிறாள்:
எனக்கென்ன தெரியும், கையை நீட்டு.

எனக்கும் தெரியாது.
அந்தப் பொத்தானுக்கும் இந்தப் பெட்டிக்கும் நடுவே
எத்தனை மேசை, எத்தனை கப்பல், எத்தனை முத்திரை.
காக்கை உட்கார்ந்ததும்
பனம்பழம் விழுந்ததும்
ஒரே மரத்தில்தான் என்று
எவரால் சத்தியம் செய்ய முடியும்?
ஆனாலும் எழுதுகிறேன்:
கொள்கையோடு அழுத்திய விரல்கள் இருநூற்றுப் பதின்மூன்று
இந்தப் பக்கம்,
இருநூற்றுப் பதின்மூன்று அந்தப் பக்கம்,
நடுவே வலி தெரியாத ஒரு தாடை.

மார்சலா ஒன்றை அழிக்கவில்லை.
விழுந்த வாக்கே வாக்கு என்பது விதி,
நினைத்த வாக்குக்குக் கட்டம் கிடையாது.
ஒன்றின் தோளில் ஒரு நட்சத்திரக் குறி வைத்தாள்.
அச்சில் வந்தபோது அது
தாளில் ஒட்டிய தூசு போலத் தெரிந்தது.
இரண்டு பேர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார்கள்.

சுவேமா வெள்ளாட்டை ஓட்டிக்கொண்டு
கரையோரமாய்த் திரும்புகிறாள்.
மேற்கையில் ஒரு புள்ளி வலி.
யாராவது கேட்டால்
கொசு என்பாள்.