ஐஸ் நோட்டு

மாயெபூர் மீன் துறையில்
என் ஐஸ் கடைக்கு வந்தாள் லூவேனா.
ஒன்பதாம் வகுப்பு. சட்டைக் காலரில் வியர்வை.
கையில் பள்ளி கொடுத்த தாள்.

"காலநிலை மாற்றத்தால்
உங்கள் தொழில் பாதிக்கப்பட்டதா?
ஆம், இல்லை. ஒன்றைச் சுழிக்கவும்."

பாதிப்பா?
நல்லாத்தான் ஓடுது, பெண்ணே.
வெயில் ஏற ஏற விற்பனையும் ஏறுது.
போன ஜனவரியில் ஒரு கட்டி மிஞ்சலை.

எதைச் சுழிப்பதென்று தெரியாமல்
பேனா முனையைக் கடித்தாள்.
அப்போது கண்ணில் பட்டன
மேசைக்கடியில் கிடந்த நோட்டுகள்.
இருபத்தேழு வருஷம், இருபத்தேழு நோட்டு.
அட்டையில் செதில் ஒட்டிக் காய்ந்தவை.
தேதி, படகு, எத்தனை கிலோ:
கடன் வசூலுக்காக எழுதியது.
அறிவியலுக்கென்று ஒரு வரிகூட இல்லை.

ஒரு பக்கம் விரித்துக் காட்டினேன்.
குளிர்கால ஜூலை. ஒரே நாளில் முந்நூறு கிலோ.
அன்னிக்கே என்ன சூடு பார்!
"அது வானிலை, மதாம்.
ஊரில் ஏதாவது கல்யாணமாகக்கூட இருந்திருக்கலாம்.
ஒரு நாள் எதையும் சொல்லாது.
எல்லா நோட்டிலும் ஜூலைகளைப் பிரித்து
வரிசையாக வைத்தால்தான் காலநிலை."
ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

முதல் நோட்டில் படகுக்கு இருபது கிலோ.
கடைசியில் நாற்பத்தைந்து.
துள்ளி எழுவாள் என்றிருந்தேன்.
எழவில்லை.
"முன்பு எங்கே மீன் பிடித்தார்கள்?"
பவளத்திட்டுக்கு உள்ளே.
"இப்போது?"
திட்டைத் தாண்டி, ரொம்ப தூரம்.
உள்ளே பவளம் வெளுத்துக் கிடக்கு.
"அப்படியானால் ஐஸ் கூடியது
வெயிலாலா, தூரத்தாலா?"
பவளத்தை வெளுத்ததும் சுட்ட தண்ணிதானே என்றேன்.
ஓரத்தில் எழுதினாள்:
இரண்டும் கலந்திருக்கலாம்.
அந்த 'லாம்' எனக்குப் பிடித்தது.
என் கடன்காரர் எவரும்
இத்தனை நேர்மையாய்ப் பேசியதில்லை.

சரி, மேலே என்னதான் நடக்குது?

"வீட்டில் கிரியோல் பேசுகிறோம்,
பள்ளியில் பிரெஞ்சு, கோவிலில் கொஞ்சம் தமிழ்.
சூரியன் பேசுவது வெளிச்சத்தில்.
காற்றிலுள்ள கரிவாயுவுக்கு அந்த மொழி தெரியாது,
கண்டுகொள்ளாமல் உள்ளே விட்டுவிடும்.
மண்ணும் கடலும் அதை வாங்கிக்கொண்டு
வெப்பத்தில் பதில் சொல்லும்.
அந்த மொழி அதற்கு அத்துப்படி.
நிறுத்தி விசாரிக்கும்.
கொஞ்சத்தைக் கீழேயே திருப்பி அனுப்பும்.
அந்தக் காவல் அடியோடு இல்லையென்றால்
பூமியே உங்கள் கிடங்கு மாதிரி உறைந்திருக்கும்.
ஆனால் நாம் எரிக்க எரிக்கக்
காவலாளிகள் பெருகிவிட்டார்கள்."

கரும்புச் சக்கையும்தான் எரிக்கறாங்க, கரண்டுக்கு.
"சக்கை கைமாற்று, மதாம்.
போன வருஷம் காற்றில் வாங்கியதை
இந்த வருஷம் காற்றுக்கே தருகிறது.
நிலக்கரி அப்படியில்லை.
கோடிக்கணக்கான வருஷம் மண்ணுக்குள் பூட்டியிருந்த முதல்.
அதை வெளியே இறைக்கிறோம்."

கணக்கு புரிந்தது.
புரிந்ததும் வயிற்றில் ஏதோ செய்தது.
அவளைக் கடையின் பின்பக்கம் கூட்டிப் போனேன்.
உள்ளே ஐஸ் உறையும் நேரமெல்லாம்
எந்திரம் முதுகு வழியே மூச்சு விடும்.
கையை நீட்டிப் பார் என்றேன்.
நீட்டினாள். முன்முடி பறந்தது.
சட்டென்று இழுத்துக்கொண்டாள்.
இருவரும் ஒன்றும் பேசவில்லை.
எந்திரம் மட்டும் பேசியது, வெப்பத்தில்.

வாசலில் டிடியே கத்தினான்,
நாற்பது கிலோ, சீக்கிரம், அலை ஏறுது!
போட்டுக் கொடுத்தேன். வேறென்ன செய்வேன்?

போகும்போது தாளை எட்டிப் பார்த்தேன்.
ஆமுக்கும் இல்லைக்கும் நடுவே ஒரு புள்ளி.
அவள் கேட்டுக்கொண்டபடி
நோட்டில் நாலாவதாய் ஒரு கட்டம் கிழித்து
இன்றைய சூட்டைக் குறித்தேன்:
முப்பத்தொன்று புள்ளி ஐந்து.

ஒரு நாள் எதையும் சொல்லாது.
நாளைக்கும் எழுதணும்.