மை மறையும் வரை

பழைய ஐஸ்பெட்டியின் கண்ணாடித் தட்டு இது.
பெட்டி போன வருஷமே பழஞ்சாமான் லாரியில் ஏறிவிட்டது,
தட்டை மட்டும் நான் விடவில்லை.
அதன்மேல் தண்ணீர் தெளித்து
நானூறாம் நம்பர் உப்புத்தாளை விரித்தால்
ஒரு குமிழிகூட இல்லாமல் படிய வேண்டும்.
குமிழி இருந்தால் மேடு.
மேடு இருந்தால் விளிம்பு பொய் சொல்லும்.

பாயான் லெப்பாஸில் எனக்கு இதே வேலைதான்.
பன்னிரண்டு மணி நேரம்,
வெள்ளை உடுப்பு, கண் மட்டும் வெளியே.
சிலிக்கான் தகட்டைத் தேய்த்துத் தேய்த்து
முகம் தெரியும்வரை கொண்டுபோவது.
தெரிகிற முகத்துக்கு மூக்கும் வாயும் இருப்பதில்லை.

வீட்டில், பதினோராவது மாடியில்,
தேய்ப்பது அம்புமுனை.
சோமசேகரன் கொண்டுவருவான், இவர் தம்பி,
மைலோ டின்னுக்குள் பழைய சட்டைத்துணி சுற்றி ஆறு.
ஒவ்வொன்றுக்கும் மூன்று அலகு.
"மெஷின்ல தீட்டினா அண்ணி கை மாதிரி வராது."
பாலத்துக்கு அப்பால், நிபோங் திபால் பக்கம்,
எந்தச் செம்பனையில், யார் அனுமதியில்,
நான் கேட்பதில்லை.
கேட்டால், சாப்டீங்களா என்பான்.

விளிம்பெல்லாம் நீல மார்க்கர் பூசுவேன்.
இரண்டு அலகைத் தாளில் படுக்கவைத்து
என் பக்கமாக இழுப்பேன்.
தள்ளினால் தாள் கிழியும்.
பத்து இழுப்பு, திருப்பு, பத்து இழுப்பு.
மை எங்கே மிஞ்சுகிறதோ
அங்கே இன்னும் என் கை போகவில்லை.
மை மறைந்தபின் பொட்டல அட்டையில் நான்கு தடவல்.
கடைசியில் மீ கோரேங் பொட்டலத்து ரப்பர் பேண்ட்,
இரண்டு விரலில் இழுத்துப் பிடித்து,
தொட்டதும் அறுந்தால் சரி.
அழுத்தி அறுந்தால் மறுபடி மார்க்கர்.

அன்று வியாழன், மழை.
கண்ணாடியில் நீலத் தண்ணீர் ஊதாவாகிக்கொண்டிருந்தது.
என்ன மையோ என்று பார்த்தேன்.
என் சுட்டுவிரல்.
வலி இல்லை.
கீழே யாரோ மோட்டாரை உதைத்தார்கள், அது பற்றவில்லை,
மறுபடி உதைத்தார்கள்,
அது கிளம்பி, கேட்டைத் தாண்டி,
சத்தம் தேய்ந்து போனபிறகுதான்
விரலுக்குச் சேதி வந்தது.

ஞாயிறு டின்னில் ஐந்துதான்.
"ஒண்ணு ஓடிருச்சு அண்ணி, முனையோட."
பிளாஸ்டிக் பையில் வேறொன்றின் இறைச்சி,
அதை ஐஸில் வைக்க இடம் தேடிக்கொண்டே சொன்னான்.
முதல்முறையாகக் கேட்டேன்:
எவ்வளவு தூரம்?
"வாய்க்கால்வரை ரத்தம் இருந்திச்சு. அப்புறம் தண்ணி."

இரவு ஷிப்டில் தகடு சுழன்றது.
என் விரலுக்கு ஒரு மோட்டார் கிளம்பும் நேரம்.
அதற்கு எவ்வளவு?
வாய்க்கால் தாண்டி, வரப்பு தாண்டி,
இன்னும் தெரியாமலே கிழங்கைக் கிளறிக்கொண்டு நிற்குமோ,
நான் தீட்டிய மூன்று அலகும் உள்ளே.

கூர் குறைந்தால் பாவம் குறையும் என்பவர்கள்
மழுங்கிய கத்தியில் தக்காளி நறுக்கிப் பார்க்கட்டும்.
அந்த ஐந்தையும் தீட்டினேன்.
புதிதாக இரண்டாயிரம் நம்பர் தாள் வாங்கி,
முன்னைவிடக் கூர்மையாக.
ரப்பர் பேண்ட் தொடுமுன்னே அறுந்ததுபோல் இருந்தது.

சோமசேகரன் டின்னுக்குக் கை நீட்டினான்.
அந்த ஆறாவதைத் தேடிட்டு வா, என்றேன்.
பன்றியோட இல்லன்னா எலும்போட.
அதுவரை இது இங்கேயே இருக்கட்டும்.
சிரிக்கத் தொடங்கினான்.
என் விரல் கட்டைப் பார்த்தான்.
சாப்டீங்களா என்று கேட்கவில்லை.

டின் இப்போது அடுப்பங்கரைத் தட்டில்,
மிளகாய்த்தூளுக்கும் மல்லித்தூளுக்கும் நடுவே.
நேற்றுக் காலை இவர் அரைத்தூக்கத்தில்
கரண்டியோடு திறந்துவிட்டார்.
திறந்தபடியே கொஞ்ச நேரம் நின்றார்.
மூடிவைத்துவிட்டு
வெறும் பால் குடித்தார்.