ஏழாவது வாளி

பேருந்திலிருந்து பார்த்தபோது
சிமெண்ட் ஆலை என்றுதான் நினைத்தேன்.
ரூர் பள்ளத்தாக்கில் எதுவும்
ஒருகாலத்தில் ஏதோ ஆலையாக இருந்திருக்கும்.
கோபுரம் இல்லை. சிலுவையும் உடனே அகப்படவில்லை.
கசக்கி எறிந்த காகிதம்
விழுந்த வாக்கிலேயே இறுகிப்போனதுபோல் கூரை.

உள்ளே இருட்டு.
பிறகு, நின்று பழகினால், கொஞ்சம் குறைந்த இருட்டு.
சுரங்க விளக்கின் அளவில்
ஒற்றைச் சிவப்பு ஜன்னல்.

பிரேசிலிலிருந்து வந்த மாணவர்கள் மூவர்
தரையில் மல்லாந்து
மடிப்புகளைப் படமெடுக்கிறார்கள்.
ரோஸ்வீதா அவர்களைத் தாண்டித் தாண்டி
வாளி வைக்கிறாள்.
மழைநாளில் முதலில் ஆர்கனுக்குப் போர்வை,
அப்புறம் ஏழு வாளிகள்.
எங்கெங்கே ஒழுகும் என்று அவளுக்குத் தெரியும்;
வரைந்தவருக்குத் தெரிந்திருக்கவில்லை.
"ஜப்பானிலிருந்தெல்லாம் வருகிறார்கள்.
ஞாயிறு பூசைக்குப் பதினொரு பேர்,
என்னையும் சேர்த்து."

சுவரைத் தொட்டேன்.
வார்ப்புப் பலகைகளின் ரேகை
கான்கிரீட்டில் அப்படியே:
கணு, வெடிப்பு, ஆணித்தலை.
மரம் எந்த அடுப்பில் எரிந்ததோ,
அதன் மழைக்காலங்கள் இங்கே நிற்கின்றன.

முழங்கால் உயரத்தில்
தச்சன் பலகையில் போட்ட கணக்கு ஒன்று
இடவலம் மாறிப் பதிந்திருந்தது.
குந்தி உட்கார்ந்து
கைபேசியின் கறுப்புக் கண்ணாடியில் காட்டிப் படித்தேன்:
நாற்பத்தெட்டும் முப்பத்தேழும்
எண்பத்தாறு.

கூரையைப் பார்க்க வந்தவன்
மறுபடி கூட்டிப் பார்க்கிறேன், விரல்விட்டு.

"எண்பத்தைந்து" என்றாள் ரோஸ்வீதா,
திரும்பாமலே,
ஏழாவது வாளியை
ஒரு விரற்கடை நகர்த்தியபடி.